எந்த ஊர் 4ஜி?

2012 மார்ச் 16ஆம் தேதி ஆப்பிளின் மூன்றாம் தலைமுறை ஐபேட் ஆஸ்திரேலியக் கடைகளுக்கு வந்தது. அந்த நாட்டில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடும் என்பதால், உலகிலேயே முதலில் அதைக் கையில் வாங்கியவர்களில் சிட்னிக்காரர்களும் மெல்பன்காரர்களும் உண்டு. விளம்பரத்தில் அதன் பெயர் 'வைஃபை + 4ஜி ஐபேட்'. அப்போது ஆஸ்திரேலியாவில் 4ஜி இருந்ததா? இருந்தது. டெல்ஸ்ட்ரா நிறுவனம் ஆறு மாதம் முன்பு, 2011 செப்டம்பரில், அதைத் தொடங்கியிருந்தது. ஐபேடில் 4ஜி இருந்ததா? அதுவும் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. டெல்ஸ்ட்ராவின் 4ஜி 1800 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. ஐபேடின் 4ஜியோ வட அமெரிக்க நெட்வொர்க்குகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 700, 2100 என்ற இரண்டு அலைவரிசைகளில் மட்டுமே அதற்குக் காது கேட்டது.

இரண்டு வாரத்துக்குள் ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையம் ஆப்பிளை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 'டெல்ஸ்ட்ராவின் 3ஜியே போதுமான வேகம், வேறு நாடுகளில் இந்த வேகத்தைத்தான் 4ஜி என்கிறார்கள்' என்ற ரீதியில் ஆப்பிள் வாதாடிப் பார்த்தது. கடைசியில் ஜூன் மாதம் நீதிபதி மொர்டகாய் பிராம்பர்க் 22.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தார். வழக்குச் செலவுக்கு 3 லட்சம் டாலர் தனி. அதற்குள் ஆப்பிள் பெயரையே மாற்றிவிட்டது: 'வைஃபை + செல்லுலார்'. இன்றுவரை ஐபேடுக்கு அதுதான் பெயர்.

இந்த வழக்கில் என்னைக் கவர்ந்தது அபராதத் தொகை அல்ல; ஆப்பிளுக்கு அது சில்லறைக் காசு. அந்த ஐபேட் எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்பட்டிருக்கவில்லை. எந்த சிம்மைப் போட்டாலும் ஏற்றுக்கொண்டது. அன்லாக் செய்த கருவி என்று நாம் கடையில் கேட்டு வாங்குவோமே, அதற்கு அது முழுத் தகுதி உள்ளது. இருந்தும் வேலை செய்யவில்லை. அன்லாக் என்பது அனுமதியைப் பற்றிய சொல். ஒரு போனால் என்ன முடியும் என்பதைப் பற்றி அது மூச்சே விடுவதில்லை.

அனுமதி சமாச்சாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். ஒவ்வொரு சிம்மிலும் நாட்டுக்கு ஓர் எண், நிறுவனத்துக்கு ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். ஆஸ்திரேலியா 505. டெல்ஸ்ட்ரா 505-01, ஆப்டஸ் 505-02, வோடஃபோன் 505-03. பூட்டிய போன் செய்வதெல்லாம், சிம்மைப் போட்டவுடன் அந்த எண்ணைப் படித்து, தன் முதலாளியுடையது இல்லையென்றால் கதவைச் சாத்துவது. சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகத் தொங்கும் ப்ரீபெய்ட் போன்களில் இந்தப் பூட்டு இன்னும் இருக்கிறது. விற்ற நிறுவனத்திடம் கேட்டால் திறந்துவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பிறகு வருவது இயற்பியல். அதை வாடிக்கையாளர் சேவை மையத்தில் கேட்டுத் திறக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் சொந்தமாக டவர் வைத்திருப்பவை மூன்று நிறுவனங்கள்: டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடஃபோன் பெயரில் நடக்கும் டி.பி.ஜி. மற்றவையெல்லாம் இந்த மூவரிடமும் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவை. சிட்னியின் டூங்காபி, வென்ட்வொர்த்வில் பகுதி மளிகைக் கடைகளின் கல்லாப்பெட்டி அருகே முறுக்குப் பாக்கெட்டோடு அடுக்கியிருக்கும் சிம் அட்டைகளில் இரண்டு, ஈழத்தமிழர்கள் லண்டனில் தொடங்கிய நிறுவனங்களின் பெயரில் வருபவை. லெபாரா வோடஃபோன் டவரில் ஓடுகிறது, லைக்காமொபைல் டெல்ஸ்ட்ரா டவரில். லைக்காவை நம் ஊரில் 'பொன்னியின் செல்வன்' எடுத்த கம்பெனியாகத்தான் தெரியும். செல்போன் அலையால் பறவைகள் சாகின்றன என்று சொன்ன '2.0' படத்தையும் சிம் விற்கும் அந்தக் குடும்பம்தான் தயாரித்தது என்பது எனக்குப் பிடித்த முரண்.

மூவரும் வைத்திருக்கும் அலைவரிசைகள் ஒன்றுபோல் இல்லை. 4ஜியில் 1800 மெகாஹெர்ட்ஸும் 2100 மெகாஹெர்ட்ஸும் மூவருக்கும் பொது. முறையே பேண்ட் 3, பேண்ட் 1 என்று போன் பெட்டியில் போட்டிருக்கும். தலைநகரங்களில் ஆப்டஸுக்கு 2300 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 40, பெரிய பலம். வோடஃபோன் நெடுங்காலம் 850 மெகாஹெர்ட்ஸை, பேண்ட் 5ஐ, நம்பிப் பிழைத்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எண்கள் எங்கோ கேட்டவை போலிருக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது எடுத்துக்கொண்டது இவற்றில் மூன்றைத்தான்: 3, 5, 40. ஆகவே ரிச்சி தெருவில் வாங்கிய போன் சிட்னி டவுன்ஹால் ஸ்டேஷனில் ஜம்மென்று வேலை செய்யும். அதை நம்பி ஹியூம் நெடுஞ்சாலையில் மெல்பனுக்குக் காரைக் கிளப்பினால்தான் சங்கதி தெரியும்.

இரு நகரங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 880 கிலோமீட்டர். நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, ஆட்டு மந்தை, குன்று. இங்கே டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 4ஜிக்குச் சார்ந்திருப்பது 700 மெகாஹெர்ட்ஸை. அதன் பெயர் பேண்ட் 28. இந்தியச் சந்தைக்கென்று செய்த மலிவான 4ஜி போன்கள் பலவற்றில் இது கிடையாது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 1, 3, 5, 8, 40, 41 என்று வரிசை முடிந்துவிடும். இல்லாத ஓர் எண்ணுக்காக யார் கவலைப்படுவார்கள்? நகரத்தை விட்டு வெளியே வந்தபின் பக்கத்து இருக்கைக்காரரின் போனில் நாலு கோடு நிற்க, நம் போனில் ஒன்றுகூட நிற்காதபோதுதான் அது உறைக்கும்.

700 மெகாஹெர்ட்ஸ் முதலில் தொலைக்காட்சியின் சொத்து. வீட்டுக் கூரையில் மீன்முள் ஆன்டெனா வைத்துப் பார்த்த பழைய அனலாக் ஒளிபரப்பை ஆஸ்திரேலியா ஊர் ஊராக நிறுத்திக்கொண்டே வந்தது. சிட்னியில் 2013 டிசம்பர் 3, மெல்பனில் டிசம்பர் 10. காலியாகப் போகும் இடத்தை அரசு முன்கூட்டியே, அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே, ஏலம் விட்டுவிட்டது. டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் எடுத்துக்கொண்டன. வோடஃபோன் விலை அதிகம் என்று ஒதுங்கிக்கொண்டது. ஒரு பங்கு விற்காமலேயே கிடந்தது; அது போனது 2017இல், டி.பி.ஜிக்கும் வோடஃபோனுக்கும். இந்த இரண்டும் பிறகு ஒரே நிறுவனமாகின. கிராமப்புற ஆஸ்திரேலியாவில் எந்த நிறுவனம் எங்கே எடுக்கும் என்பதைப் பல ஆண்டுகளுக்குத் தீர்மானித்த விஷயங்களில் அந்த ஒரு ஏலமும் உண்டு.

அப்படி 700இல் என்ன விசேஷம்? 'அதிர்வெண் குறைந்தால் அலை தூரம் போகும்' என்று பாடப் புத்தகம் சொல்லும். அது பாதி உண்மை. தடையில்லாத வெளியில் 700ஆனாலும் 2600ஆனாலும் அலை ஒரே மாதிரிதான் பரவி மெலிகிறது. வித்தியாசம் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர், 2600இன் நீளம் பதினொன்றரை. போனுக்குள் இருப்பது போன்ற சிறிய ஆன்டெனா எவ்வளவு பரப்பிலிருந்து சக்தியை அள்ளும் என்பது அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால், டவர் ஒரே அளவு சக்தியை அனுப்பினாலும் 700இல் பதினான்கு மடங்கு அதிகம் கையில் கிடைக்கிறது. நீண்ட அலை குன்றின் விளிம்பில் சற்று வளைந்து இறங்கும், செங்கல் சுவரில் குறைவாகவே செத்துப்போகும் என்பவை இதற்கு மேல் வரும் லாபம். 43 சென்டிமீட்டரில் கால்பங்கு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். கையில் இருக்கும் போனின் உயரத்தை அளந்து பாருங்கள். அதன் உலோக விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் தெரியும்; அழகுக்காக வைத்தவை அல்ல அவை. விளிம்பைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டையும் ஓர் ஆன்டெனாவாக்கியிருக்கிறார்கள்.

இனி வரும் கேள்விதான் முக்கியம். ஆன்டெனா இருக்கிறது, சிப்பும் எல்லா அதிர்வெண்ணையும் கையாளும் சாமர்த்தியம் உள்ளது. பிறகு ஏன் எல்லா பேண்டையும் எல்லா போனிலும் கொடுத்துத் தொலைக்கக் கூடாது?

காரணம், ஆன்டெனாவுக்கும் சிப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் வடிகட்டிகள். போன் பேசும்போதே கேட்கவும் வேண்டும். தன் ஆன்டெனாவிலிருந்து அது அனுப்பும் அலை, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவரிலிருந்து வந்து சேரும் அலையைவிட நூறு கோடி மடங்குக்கும் மேல் வலுவாக இருக்கலாம். இந்தக் கூச்சலுக்கு நடுவே அந்த முணுமுணுப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். பேண்ட் 28இல் போன் பேசுவது 703 முதல் 748 மெகாஹெர்ட்ஸ் வரை. டவர் பேசுவது 758 முதல் 803 வரை. நடுவே இருக்கும் இடைவெளி வெறும் 10 மெகாஹெர்ட்ஸ். 748ஐத் தாராளமாக விட்டு 758ஐ அறவே தடுக்கும் சுவர் வேண்டும். சாதாரண மின்சுருளையும் மின்தேக்கியையும் வைத்து இவ்வளவு செங்குத்தான சுவரைக் கட்ட முடியாது.

பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி விநோதமானது: வானொலி அலையை ஒலியாக மாற்றிவிடுகிறார்கள். லித்தியம் டாண்டலேட் போன்ற படிகத்துக்கு, மின்னழுத்தம் கொடுத்தால் துளி நெளியும் குணம் உண்டு. நெளித்தால் மின்னழுத்தம் தரும். இந்தக் குணத்தை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். திடப்பொருளின் மேற்பரப்பை மட்டும் ஒட்டி ஓடும் அலை ஒன்று இருக்க முடியும் என்று 1885இல் லார்ட் ரேலி கணக்குப் போட்டுக் காட்டினார். நிலநடுக்கத்தில் தரை உருளுவதற்கு இந்த வகை அலைதான் காரணம். இரண்டையும் சேர்த்தால் வடிகட்டி. படிகத்தின் மேல் இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்த மாதிரி உலோகக் கோடுகளை வரைகிறார்கள். ஆன்டெனாவிலிருந்து வரும் மின் அதிர்வு ஒரு சீப்புக்குப் போகிறது, படிகத்தின் தோல் நடுங்குகிறது, நடுக்கம் ஓடிப்போய் அடுத்த சீப்பில் மீண்டும் மின்சாரமாகிறது. பற்களின் இடைவெளிக்குப் பொருந்தும் அதிர்வு மட்டுமே பிழைத்துப் போய்ச் சேரும், மற்றது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். படிகத்தின் மேல் இந்த நடுக்கம் நொடிக்கு நாலு கிலோமீட்டர் ஓடுகிறது. ஒளியைவிட 75,000 மடங்கு மெதுவு. அதனால் அலையும் அதே விகிதத்தில் சுருங்கி, 43 சென்டிமீட்டர் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மைக்ரானாகிவிடுகிறது. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் இருபத்தைந்து பற்கள்! பேண்ட் 28இன் 45 மெகாஹெர்ட்ஸ் அகலம் இப்படிப்பட்ட ஒற்றை வடிகட்டிக்குக் கொஞ்சம் அதிகம். அதனால் பேண்டை இரண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி இரட்டை வடிகட்டி வைப்பது வழக்கம்.

ஆக, பேண்டுக்கு ஒரு படிகத் துணுக்கு, சிலவற்றுக்கு இரண்டு. நல்ல போனில் டஜன் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, இடம் உண்டு, ஒவ்வொன்றையும் தாண்டும்போது சக்தியில் ஒரு சிட்டிகை வீணாகும். எட்டாயிரம் ரூபாய்க்கு இந்தியாவில் விற்கவேண்டிய போனில், 4ஜிக்கு இந்தியாவில் பெரும்பாலும் தேவைப்படாத பேண்ட் 28 வடிகட்டியை ஏன் வைக்கப்போகிறார்கள்? இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை, கணக்கு மட்டுமே. பின்னாளில் மென்பொருள் புதுப்பிப்பில் வந்துவிடும் என்று காத்திருப்பதும் வீண். இல்லாத படிகத்தை வைஃபை வழியாக அனுப்ப முடியாது.

அமெரிக்க போனில் '700' என்று போட்டிருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வெரைசன் பயன்படுத்தும் பேண்ட் 13இல் டவர் 746 முதல் 756 வரை பேசும், போன் 777 முதல் 787 வரை பேசும். நம் பேண்ட் 28இல் அந்த 777-787 டவர் பேசும் இடம். ஒரே தெருவில் அங்கே ஒருவழிப்பாதை கிழக்கே போகிறது, இங்கே மேற்கே வருகிறது. அதே தெருதானே என்று வண்டியை விட முடியாது. 2012 ஐபேடின் 700ஐ, டெல்ஸ்ட்ரா பின்னாளில் 700க்கு வந்தபோதும் காப்பாற்ற முடியாமல் போனதற்கு இதுவும் காரணம். 700 என்ற எண் பொது, திட்டம் வேறு. ஆசிய-பசிபிக் நாடுகள் கூடிப்பேசி 2010இல் ஒத்துக்கொண்ட திட்டத்தில் பேண்ட் 28 உருவானது. இந்தியாவும் அதில் சேர்ந்ததுதான். 2022 ஏலத்தில் ஜியோ 700ஐ 5ஜிக்கு வாங்கியபின், புதிய இந்தியப் போன்களில் அந்த எண் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. ஆனால் பட்டியலில் 5ஜிக்கு 'என்28' என்று இருந்தால் 4ஜிக்கும் 'பி28' இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்கு இது பழகிய தலைவலி. 2006 அக்டோபரில் டெல்ஸ்ட்ரா தன் 'நெக்ஸ்ட் ஜி'யை 850 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. மற்ற இருவரும் கிராமங்களுக்கு 900ஐப் பிடித்தார்கள். 2008இல் வந்த ஐபோன் 3ஜிக்கு 850 தெரியும், 3ஜியில் 900 தெரியாது. ஒரே போன், டெல்ஸ்ட்ரா சிம் போட்டால் காட்டிலும் எடுக்கும், ஆப்டஸ் சிம் போட்டால் 3ஜி ஊர் எல்லையில் நின்றுவிடும். எந்தப் போன் கிராமத்தில் நன்றாக எடுக்கும் என்பதற்கு டெல்ஸ்ட்ரா ஒரு நீலச் சரிக்குறி கொடுத்து வந்தது. விவசாயிகள் கேமராவைக் கேட்பதற்கு முன் அந்தக் குறியைக் கேட்பார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் பொருந்தி, பெட்டியில் 28ம் இருந்து, பூட்டும் இல்லாத ஒரு போன். அதுவும் 2024 அக்டோபர் 28ஆம் தேதிக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் செத்துப்போகலாம் என்ற நிலை வந்தது. இந்தக் கதையில் எனக்குக் கோபம் வரும் பகுதி இதுதான்.

4ஜியில் தொலைபேசி அழைப்பு என்று ஒன்று தனியாக இல்லை. அது தரவுப் பொட்டலங்களுக்காகவே செய்யப்பட்ட நெட்வொர்க். ஆரம்ப கால 4ஜி போன்கள், அழைப்பு வந்தவுடன் சத்தமில்லாமல் 3ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். பேச்சையும் பொட்டலமாக்கி 4ஜியிலேயே அனுப்பும் முறை பிறகுதான் வந்தது. ஜியோ புண்ணியத்தில் நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரிந்த பெயர்: வோல்ட்டி. டெல்ஸ்ட்ரா அதை 2015இல் தொடங்கியது. சிக்கல் என்னவென்றால், வோல்ட்டிக்கு வன்பொருள் மட்டும் போதாது. எந்த நிறுவனத்தின் சிம் என்றால் எந்த அமைப்புகளோடு அழைப்பைத் தொடங்க வேண்டும் என்று போனுக்குள் ஒரு கோப்பு இருக்க வேண்டும். 505-01 என்ற சிம்மைக் கண்டால் என்ன செய்வது என்று சென்னைக்காகச் செய்த போனுக்குத் தயாரிப்பாளர் சொல்லித்தராமல் விட்டிருக்கலாம். அப்போது இணையம் பறக்கும், அழைப்பு மட்டும் போகாது.

இந்தியாவில் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. ஏர்டெல் 3ஜியை மூடியபோதும் 2ஜியை வைத்துக்கொண்டது. வோல்ட்டி தெரியாத போன் 2ஜிக்கு இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் இறங்குவதற்குப் படியே இல்லை. டெல்ஸ்ட்ரா 2ஜியை 2016 டிசம்பரில் அணைத்தது, ஆப்டஸ் அடுத்த ஆண்டு, வோடஃபோன் 2018இல். வோடஃபோனின் 3ஜி 2024 தொடக்கத்தோடு முடிந்தது. டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் தள்ளிப்போட்டு அக்டோபர் 28 அன்று தொடங்கி 3ஜியை மூடின.

தள்ளிப்போட்டதற்குக் காரணம் 000. ஆஸ்திரேலியாவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 1961 முதல் அந்த எண்தான். அவசர அழைப்பு சாதாரண வோல்ட்டி அழைப்பின் பாதையில் போவதில்லை. போன் அதற்கென்று தனித் தொடர்பு கேட்கும். சொந்த நெட்வொர்க் இல்லையென்றால் யாருடைய டவரிலும் தொற்றிக்கொள்ளும். சில போன்களுக்கு வீட்டுக்குப் பேச 4ஜி தெரியும், 000 என்று அழுத்தினால் மட்டும் பழைய வழக்கப்படி 3ஜியைத் தேடும். தினமும் நன்றாகப் பேசும் போன், வாழ்நாளில் ஒரே ஒருமுறை தேவைப்படும் அழைப்பில் கைவிரிக்கும். இப்படிப்பட்ட போன்களை வைத்திருப்பவர்கள் சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் பேர் என்று 2024 மார்ச்சில் அரசு சொன்னபோது எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

அரசு எடுத்த முடிவு கறாரானது: 000ஐ அழைக்க முடியாத போனுக்கு எந்த நிறுவனமும் சேவை தரக்கூடாது, முடக்கிவிட வேண்டும். நோக்கம் சரி. ஆனால் ஒரு போன் எந்த ரகம் என்று நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்? உங்கள் போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். முதல் எட்டு இலக்கம் மாடலைச் சொல்வது, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. நிறுவனங்கள் அந்த எட்டு இலக்கத்தைத் தங்கள் பட்டியலோடு ஒப்பிட்டன. ஆஸ்திரேலியாவில் விற்காத, யாரும் பரிசோதிக்காத மாடல் என்றால் சந்தேகத்தின் பலன் போனுக்குக் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த நல்ல 5ஜி போன்களும் இதில் மாட்டின. தொழில்நுட்ப ரீதியில் அந்தப் போனால் முடியுமா என்ற கேள்வியின் இடத்தில், இந்தப் போனை நமக்குத் தெரியுமா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்காக அரசைக் குறைசொல்லி முடித்துவிடவும் முடியவில்லை. 2025 அக்டோபரில் தெரியவந்தது: கேலக்ஸி எஸ்6, எஸ்7 உட்படப் பழைய சாம்சங் போன்கள் பலவற்றில் ஒரு கோளாறு. டெல்ஸ்ட்ரா அல்லது ஆப்டஸ் சிம் போட்டிருந்து, அந்த இரு நெட்வொர்க்கும் எட்டாமல் வோடஃபோன் மட்டும் கிடைக்கும் இடத்தில் 000 அழுத்தினால், போன் வோடஃபோனின் 3ஜியைத் தேடும். இல்லாமல் போய் ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிவிட்ட 3ஜியை! உள்ளூரில் விற்ற, பட்டியலில் இருந்த போன்கள் இவை. பெரும்பாலானவற்றுக்கு மென்பொருள் புதுப்பிப்பு போதும், 11 மாடல்களை மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். அடுத்த மாதமே சிட்னியில் ஒருவர், பழைய மென்பொருளோடு இருந்த சாம்சங் போனில் 000 கிடைக்காமல் இறந்தார் என்று டி.பி.ஜி. அறிவித்தது.

எனவே போன் வாங்குகிறவர் என்ன பார்க்க வேண்டும்? விளம்பரப் பெயரை விட்டுவிட்டு மாடல் எண்ணைப் பிடிக்க வேண்டும். 'கேலக்ஸி எஸ்24' என்பது ஒரே போன் அல்ல. மாடல் எண் 'யு' என்று முடிந்தால் அமெரிக்காவுக்குச் செய்தது, 'என்' என்றால் கொரியாவுக்கு, 'பி' என்றால் பல நாடுகளுக்குப் பொதுவானது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14ஆம் மாடலிலிருந்து சிம் போடும் தட்டே இல்லை. ஊரின் வங்கி ஓ.டி.பி.க்காகப் பழைய ஏர்டெல் சிம்மை இரண்டாவது இடத்தில் செருகி, மாதா மாதம் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வென்ட்வொர்த்வில்லில் இருந்து மதுரைக்குப் பேசும் ஒரு வழக்கமான உரையாடல் இப்படி இருக்கும்.

"சித்தப்பா, நீங்க வர்றப்ப அந்தப் போனையே கொண்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஸ்டார், ஹேஷ், சைபர் ஆறு, ஹேஷ் அழுத்தி வர்ற நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

"ஏம்ப்பா, அன்லாக் போனுதான். கடைக்காரன் உலகம் பூரா ஓடும்னு சொல்லித்தான் குடுத்தான்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கேள்விப்பட்ட உலகம் துபாயும் சிங்கப்பூரும். இங்கே வந்து உள்ளூர் சிம் போட்டபின், 3498 என்ற எண்ணுக்கு '3' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள்; 3ஜி மூடலின்போது ஆப்டஸும் டெல்ஸ்ட்ராவும் ஏற்படுத்திய வசதி அது. சித்தப்பா மூன்று மாதம் தங்கிப் போகிறவர் என்றால் நான் சொல்வது இதுதான்: உள்ளூர்க் கடையில் இருநூறு டாலருக்குள் ஒரு சாதாரண போனை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அழகான போனில் பேரப்பிள்ளையைப் படம் எடுக்கட்டும், சாதாரணப் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும்.

எந்த நிறுவனம் என்பது அடுத்த கேள்வி. சிட்னியின் பரமட்டாவையும் மெல்பனின் டான்டினாங்கையும் தாண்டாதவருக்கு மூன்றும் ஒன்றுதான், விலையைப் பார்த்து வாங்கலாம். வெளியூர் போகிறவர் வரைபடத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. தன் நெட்வொர்க் 30 லட்சம் சதுர கிலோமீட்டரை எட்டுகிறது என்று டெல்ஸ்ட்ரா சொல்லிவந்தது. அதில் ஒரு பெரும் பங்கு, காரின் மேல் வெளி ஆன்டெனா பொருத்தினால் மட்டும் கிடைப்பது என்று 2025 மே மாதம் வோடஃபோன் போட்டு உடைத்தது. லைக்கா போன்ற சில்லறை விற்பனையாளர்களுக்குக் கிடைப்பதும் டெல்ஸ்ட்ராவின் முழு வீச்சு அல்ல, சிறிய பதிப்பு. வோடஃபோன் தன் பங்குக்கு, 2025 ஜனவரி முதல் ஆப்டஸின் கிராமப்புற டவர்களைப் பகிர்ந்துகொண்டு வீச்சை 4 லட்சத்திலிருந்து 10 லட்சம் சதுர கிலோமீட்டராக்கிக்கொண்டது. அந்த டவர்களிலும் 700 இருக்கிறது. ஆக, வோடஃபோன் வாடிக்கையாளருக்கும் பேண்ட் 28 இப்போது வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் பரப்பு 77 லட்சம் சதுர கிலோமீட்டர். மிச்சமிருக்கும் பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் டவர் வைக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. 2025 ஜூனில் டெல்ஸ்ட்ரா, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வழியே நேரடியாகப் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையைத் தொடங்கியது. வானம் தெரிந்தால் போதும், டவர் வேண்டாம், தனி ஆன்டெனாவும் வேண்டாம். தொடங்கிய அன்று அதில் வேலை செய்த போன்கள் கேலக்ஸி எஸ்25 வரிசை மட்டும். மற்ற மாடல்கள் பட்டியலில் சேர்வதற்குக் காத்திருந்தன.